குருட்டு அதிர்ஷ்டமா, தங்கச்சி?

கேள்வி: ஐயா, என் மகனுக்கு 14 வயது. போன மாதம் ஒரு சதுரங்க ரேட்டிங் (ஆட்டத்திறனுக்கான புள்ளி) போட்டியில் கறுப்புக் காயோடு ஆடி, தன்னைவிட 200 புள்ளி கூடின ஒருவரை வென்றான். இவனுக்கு 1460, அவருக்கு 1660. மண்டபத்திலேயே ஒரு பெரியவர் ‘குருட்டு அதிர்ஷ்டம்’ என்று சொல்லிப்போட்டார். அன்றிலிருந்து பிள்ளை போர்டைத் தொடுகிறானில்லை. ஆட்டம் எழுதின தாளை அனுப்புகிறேன். உண்மையைச் சொல்லுங்கள்.
— ஒரு தாய், உப்புவெளி

பதில்: தங்கச்சி, தாள் கிடைத்த அன்றிரவே விறாந்தையில் போர்டை வைத்து ஆடிப் பார்த்தேன். கறுப்பு ஆடின தொடக்கம் பிரெஞ்சுத் தற்காப்பு. வெள்ளை சிப்பாயை இ5க்குத் (எழுத்து நிரலையும் எண் வரிசையையும் குறிக்கும்) தள்ளிவிட்டார்; அப்படித் தள்ளினால் டி4 சிப்பாய்தான் அவருடைய நோகிற இடம். உங்கள் மகன் சி5, குதிரை சி6, ராணி பி6 என்று அதையே குறிவைத்தான். 6ஆம் நகர்வில் வெள்ளை மந்திரியை டி3இல் வைத்தார். சிப்பாய்கள் மாறின. இப்போது டி4 சும்மா கிடப்பதுபோலத் தெரியும். எடுத்தால் போச்சு! குதிரைகள் வெட்டுப்பட்டுக் கறுப்பு ராணி டி4இல் வந்து நிற்கும்போது, அந்த மந்திரி பி5க்குப் பாய்ந்து செக் வைக்கும். அது விலகிய வழியால் வெள்ளை ராணி வந்து நம் ராணியைத் தூக்கிவிடும். நான் படிப்பித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் அதில் விழுந்து அழுதிருக்கிறார்கள். உங்கள் பெடியன் 7ஆம் நகர்வில் முதலில் தன் மந்திரியை டி7இல் வைத்து அந்தச் செக்கை அடைத்தான். பக்கத்தில் நேரமும் குறித்திருக்கிறான்: அந்த ஒரு நகர்வுக்கு 9 நிமிடம். இது அதிர்ஷ்டமில்லை, யோசனை.

ரேட்டிங்கில் 200 புள்ளி வித்தியாசம் என்றால், வெற்றிக்கு ஒன்று, சமநிலைக்கு அரை என்று எண்ணி, 100 ஆட்டத்தில் குறைந்தவருக்கு 24 வரும் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கு யார் வெள்ளை, யார் கறுப்பு என்று பார்ப்பதேயில்லை. முதல் நகர்வை எதிராளிக்குக் கொடுத்துவிட்டு வென்றதற்கு ஒரு புள்ளிகூடக் கூடுதலாகக் கிடையாது. அது எனக்கு இன்றைக்கும் மனவருத்தம். ஆனாலும் 18 வயதுக்குட்பட்டவன் என்பதால் இந்த ஒரு வெற்றிக்கு ரேட்டிங்கில் 30.4 புள்ளி ஏறும். வளரும் பிள்ளையின் ஆட்டத்துக்குப் பின்னாலேதான் ரேட்டிங் ஓடிவரும்.

2022 பெப்ரவரியில் இணையவழிப் போட்டியொன்றில் அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சனை 39 நகர்வில் வென்றபோது பிரக்ஞானந்தாவுக்கு 16 வயது. அவருக்கும் கறுப்புக் காய்தான். இதை மகனிடம் சொல்லுங்கள்.

27ஆம் நகர்வில் அவன் யானைகளை மாற்றியது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. வெற்றி அதனால் பிந்தியது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் உவர்மலைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அந்த நகர்விலேயே போர்டை நிறுத்தி வைத்திருக்கிறேன்.