முழங்கால் வலி உள்ளவர்கள் தாய் சி (மெதுவாக அசைந்து செய்யும் சீனப் பயிற்சி) செய்யலாமா? அதன் 24 அசைவுகளையும் மனப்பாடம் செய்தால்தான் பலன் கிடைக்குமா?

செய்யலாம். மனப்பாடம் எல்லாம் அப்புறம்.

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் தினமும் காலையில் ஒரு குழு கூடும். பெரும்பாலும் சீன ஆன்ட்டிகள், கொஞ்சம் தமிழர்கள். அங்கே பல வருடம் பழகிவிட்டு, இப்போது புதிதாக வருபவர்களுக்கு நானும் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிற எல்லோரும் முதலில் கேட்பது உங்கள் இரண்டாவது கேள்வியைத்தான்.

அந்த 24 அசைவுத் தொடர் ஒன்றும் பழங்காலத்து ரகசியம் இல்லை. 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை, தாய் சியின் பாணிகளில் ஒன்றான யாங் பாணியிலிருந்து எடுத்துச் சுருக்கிப் பொதுமக்களுக்காக அமைத்தது. ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். சீனாவின் ஹெனான் மாநிலத்துச் சென் குடும்பத்தார் வளர்த்த தாய் சி வேறு. அதில் திடீர்க் குத்தும் தரை அதிர மிதிப்பதும் உண்டு, சண்டைக்கலை அது. ஏற்கெனவே சுருக்கியதை நீங்கள் இன்னும் சுருக்கி, மூன்று நான்கு அசைவுகளை மட்டும் திரும்பத் திரும்பச் செய்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பார்ப்பவர்களின் கண் கைக்குத்தான் போகும். வேலை நடப்பதோ காலில். உடம்பின் பாரம் முழுவதையும் ஒரு காலுக்கு மாற்றி, மற்றக் காலைக் காலியாக்கிய பிறகுதான் அதைத் தூக்க வேண்டும். பாசி பிடித்த கிணற்றடியில் நடப்பது போலத்தான்: முதலில் பாதம் பதியும், பாரம் பிறகு வரும். மெதுவாகச் செய்தால் தொடை நடுங்கும். 'சும்மா கையை ஆட்டுறதுதானே' என்று வந்தவர்கள் கொஞ்ச நேரத்திலேயே நாற்காலி தேடுவதைப் பார்த்திருக்கிறேன். (சிரிக்கக் கூடாதுதான்.)

இப்படிக் காலைப் பழக்குவதில் பலன் உண்டு என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. 2012-இல் அமெரிக்காவில் பார்க்கின்சன் (நடுக்கமும் நடையில் தடுமாற்றமும் தரும் நரம்பு நோய்) நோயாளிகள் 195 பேரை வைத்து 24 வாரம் நடத்தியதில், தாய் சி பழகியவர்கள் வெறும் நீட்டிப்புப் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள். உங்கள் முழங்காலுக்கு இன்னும் நெருக்கமானது 2016-இல் வந்தது: முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேரில், 12 வாரத் தாய் சி வழக்கமான பிசியோதெரபிக்கு ஈடாக வலியைக் குறைத்தது. தேய்ந்த மூட்டு புதிதாகிவிடும் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.

ஆனால் தப்பாகச் செய்தால் இதே பயிற்சி முழங்காலைப் பதம் பார்த்துவிடும். படத்தில் வருகிற மாதிரி தாழ்ந்து நிற்காதீர்கள். நிமிர்ந்தே நின்று லேசாக மடக்கினால் போதும். முட்டி, கால்விரல் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும். உள்பக்கம் சரியக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், பாரம் தாங்கி நிற்கும் காலைத் திருகித் திரும்பாதீர்கள். பாரத்தைப் பின்னால் வாங்கிக்கொண்டு, பாதத்தைத் திருப்பி, அதன் பிறகு உடம்பைத் திருப்புங்கள். இதைக் கவனித்துத் திருத்தாமல், 'இன்னும் கீழே, இன்னும் கீழே' என்று அதட்டுகிற ஆசிரியராக இருந்தால் வேறு இடம் பாருங்கள். முட்டி வீங்கியிருக்கும்போதோ அறுவை சிகிச்சை முடிந்த புதிதிலோ டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

நான் முதலில் சொல்லிக்கொடுப்பது 'மேகக் கை'. பக்கவாட்டில் சின்னச் சின்ன அடியாக வைத்துப் பாரத்தை இடமும் வலமும் மாற்றுவது. திருப்பம் அதிகம் இல்லை, சுவரோரமாக நின்று வீட்டிலேயே செய்யலாம். நிற்கவே வலிக்கும் நாளில் நாற்காலியில் உட்கார்ந்து செய்தாலும் சரி.

வகுப்பில் சேர்ந்தால் கடைசி வரிசையில் ஒளிந்துகொள்ள நினைப்பீர்கள். வேண்டாம். தொடர் பாதியில் எல்லோரும் திரும்பும்போது கடைசி வரிசைதான் முதல் வரிசை ஆகும், முன்னால் பார்த்துச் செய்ய ஆளே இருக்காது. நடுவில் நில்லுங்கள்.