கேமரா கேள்வி–பதில்: உயரத்தை விடுங்கள், ட்ரைபாட்டின் காலைப் பாருங்கள்

கேள்வி: அக்கா, வணக்கம். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கேனான் 1500டி, அதோடு வந்த 18-55 லென்ஸ், பிறகு வாங்கிய 55-250 லென்ஸ் வைத்திருக்கிறேன். ஒகேனக்கல், மல்லசந்திரம் கல்திட்டைகள் என்று எங்கே போனாலும் பஸ்தான், பிறகு நடைதான். ட்ரைபாட் (மூன்று கால் ஸ்டாண்ட்) வாங்க ஆறாயிரம் ரூபாய் சேர்த்திருக்கிறேன். ஆடாமல் நிற்க வேண்டும், தூக்கிக்கொண்டு நடக்கவும் முடிய வேண்டும். ஒரு கடையில் பத்துக் கிலோ தாங்கும் என்கிறார்கள், இன்னொரு கடையில் கார்பன் ஃபைபர் கால் என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது? கேமரா உட்காரும் ஹெட், உருண்டையில் திரும்பும் பால் ஹெட்டா, கைப்பிடியால் திருப்பும் பேன் ஹெட்டா?
— கல்லூரி மாணவர், பாலக்கோடு

பதில்: தம்பி, ஆடக் கூடாது, கனக்கக் கூடாது, விலையும் ஏறக் கூடாது என்றால் வேறு ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். நான் விடச் சொல்வது உயரத்தை.

கடைக்குப் போகிறவர்கள் முதலில் செய்வது, ஸ்டாண்டை முழுக்க நீட்டி கேமரா கண்ணுக்கு நேராக வருகிறதா என்று பார்ப்பது. வரும். நடுத்தண்டை உச்சிவரை ஏற்றி, சுண்டுவிரல் தடிமனில் இருக்கும் அடிக்குழாய்களையும் இழுத்துவிட்டால் மலிவான ஸ்டாண்டும் ஆளுயரத்துக்கு வந்துவிடும். அந்த நிலையில் மேலே ஒரு விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். தட்டிய விரலை எடுத்த பிறகும் ஆடிக்கொண்டே இருக்கும். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் உயரம் அந்த உயரம்தான்.

உங்கள் 250 மி.மீ. முனையில் கேமரா பார்ப்பது பக்கவாட்டில் வெறும் 5 பாகை அகலம். அந்த 5 பாகையை உங்கள் கேமரா 6000 பிக்சலாகப் பிரிக்கிறது. ஹெட் ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கு அசைந்தால் போதும், படத்தில் ஏறக்குறைய 12 பிக்சல் நகர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அசைவு அது. வீட்டில் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். நாம் லென்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

அதனால் கடையில் முதலில் கேட்க வேண்டியது அடிக்குழாயின் விட்டம். சுவர்த் தடிமன் ஒன்றாக இருக்கும் இரண்டு அலுமினியக் குழாய்களை எடுத்துக்கொண்டால், 16 மி.மீ. குழாயைவிட 22 மி.மீ. குழாய் வளையாமல் நிற்கும் பலம் இரண்டரை மடங்குக்கும் மேல். ஆறு மில்லிமீட்டரில் இவ்வளவு வித்தியாசம். நீளமும் அப்படித்தான். குழாயின் நீளம் இரண்டு மடங்கானால், அதே தள்ளலுக்கு எட்டு மடங்கு வளையும். உயரத்தை விடுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

உயரம் குறைந்தால் நமக்கு நஷ்டமும் பெரிதாக இல்லை. மல்லசந்திரத்தில் கல்திட்டையின் உள்ளே தெரிகிற மாதிரி எடுக்க வேண்டுமென்றால் நீங்கள் மண்டியிட்டுத்தான் ஆக வேண்டும். நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் மூடுகல்லின் முதுகுதான் வரும். பரிசல் தண்ணீரோடு ஒட்டிப் போகும். கேழ்வரகுக் கதிர் இடுப்புக்குக் கீழே. நடுத்தண்டை ஏற்றாமல் 125, 130 சென்டிமீட்டர் வந்தால் உங்கள் வேலைக்குத் தாராளம். கொஞ்சம் குனிந்தால் போகிறது.

ஒரு காலில் ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கும் குழாய் எத்தனை அடுக்கு? மூன்று அடுக்குக் கால் உறுதியானது, ஆனால் மடக்கினாலும் நீளமாக இருக்கும், பென்னாகரம் பஸ் கூட்டத்தில் யார் முழங்காலிலாவது இடிக்கும். ஐந்து அடுக்கு பைக்குள் அடங்கிவிடும், ஆனால் கடைசிக் குழாய் மெலிந்துவிடும். நாலு அடுக்கு வாங்குங்கள். மேல் குழாய் 25 மி.மீ.க்குக் குறையாமல், ஹெட்டோடு சேர்த்து எடை ஒன்றரைக் கிலோவுக்கும் இரண்டு கிலோவுக்கும் நடுவில் இருந்தால் சரி. ஒரு கிலோகூட இல்லாத ஆளுயர அலுமினிய ஸ்டாண்டை யாராவது காட்டினால் மேலே பேச வேண்டாம், அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள்.

'பத்துக் கிலோ தாங்கும்' என்பதை மறந்துவிடுங்கள். அந்த எண்ணை அளக்க எல்லா கம்பெனிக்கும் பொதுவான முறை கிடையாது. ஒருவர் உடையாமல் நிற்கும் எடையைப் போடுவார், இன்னொருவர் ஹெட் சரியாமல் பிடிக்கும் எடையைப் போடுவார். உங்கள் கேமராவும் 55-250 லென்ஸும் சேர்ந்தாலே ஒரு கிலோ வராது. உங்களுக்குப் பிரச்சினை எடை இல்லை, அதிர்வுதான்.

கார்பன் நல்ல பொருள், சந்தேகமில்லை. எடை குறைவு, அதிர்வும் சீக்கிரம் அடங்கும், வெயிலில் அலுமினியம் மாதிரி கையைச் சுடாது. ஆனால் ஆறாயிரத்துக்குள் கார்பன் தேடினால் மெலிந்த காலில்தான் போய் முடியும். அதே பணத்துக்கு அலுமினியத்தில் தடித்த கால் கிடைக்கிறது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் அலுமினியம்தான் எடுப்பேன்.

அடுத்து, மூன்று காலையும் நடுத்தண்டோடு இணைக்கும் குறுக்குக் கம்பிகள் உள்ள ஸ்டாண்டை வாங்காதீர்கள். கல்யாண மண்டபத் தரையில் அது நன்றாக நிற்கும். நம் ஊர்ப் பாறையில் நிற்காது. ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில், ஒரு கால் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டிய இடங்கள் இவை. ஒவ்வொரு காலும் தனித்தனியாக, இரண்டு மூன்று கோணங்களில் விரிந்து பூட்டிக்கொள்ள வேண்டும்.

ஹெட் விஷயத்தில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள்: ஹெட் தனியாகக் கழல வேண்டும். கேமராவின் அடியில் இருப்பது கால் அங்குல மரை. ஹெட்டும் காலும் சேருமிடத்தில் பெரும்பாலும் 3/8 அங்குல மரை இருக்கும். அப்படி இருந்தால் பிறகு பணம் சேரும்போது ஹெட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், கால் பல வருஷம் உழைக்கும். ஹெட் கழலாமல் ஒட்டியே வருகிற ஸ்டாண்டில் ஹெட் பழுதானால் எல்லாமே வீண். கேமராவின் அடியில் மாட்டி ஹெட்டில் பூட்டும் பிளேட்டும் ஆர்க்கா-ஸ்விஸ் வகையாக, 38 மி.மீ. அகலத்தில் இருக்கட்டும். தொலைந்தால் அந்த வகையில் எந்தக் கம்பெனி பிளேட்டை வாங்கினாலும் பெரும்பாலும் பொருந்தும். சில பெரிய கம்பெனிகளின் பிளேட் அவர்கள் ஹெட்டில் மட்டும்தான் உட்காரும். மான்ஃப்ரோட்டோவின் ஆர்சி2 பிளேட் அப்படித்தான்.

நடந்து போய் எடுக்கிற உங்களுக்கு பால் ஹெட். சிறியது, ஒரே திருகில் வேலை முடியும். உருண்டை 30 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். அடியில் சுழல்வதற்குத் தனித் திருகு இருந்தால் இன்னும் நல்லது.

வாங்கப் போகும்போது கேமராவையும் 55-250 லென்ஸையும் கையோடு எடுத்துப் போங்கள். சேலமோ பெங்களூரோ, எங்கே போனாலும் சரி. நடுத்தண்டை இறக்கியபடியே காலை நீட்டி, மேல்தட்டைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். கால் இணையும் இடத்தில் லொடலொட என்று இருந்தால் வைத்துவிடுங்கள். பிறகு கேமராவை ஏற்றி, 250இல் வைத்து, லைவ் வியூவில் (பின்திரையில் நேரடியாகப் பார்க்கும் முறை) பத்து மடங்கு பெரிதாக்கி, எதிரில் இருக்கும் ஏதாவது எழுத்தைப் பாருங்கள். உருண்டையை இறுக்கிக் கையை விடுங்கள். எழுத்து கீழே சரிகிறதா? கொஞ்சம் சரியத்தான் செய்யும். இறுக்கிய பிறகும் நிற்காமல் சரிந்துகொண்டே போனால் அந்த ஹெட் வேண்டாம். கடைசியாகக் காலை விரல் நகத்தால் தட்டுங்கள். எழுத்து ஆடி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். இரண்டு ஸ்டாண்டை அடுத்தடுத்து வைத்துத் தட்டினால் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் இதையே வீட்டில் செய்யுங்கள்.

ஒகேனக்கல் போவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தொங்கு பாலத்தில் ஸ்டாண்ட் வைத்து அருவியை எடுக்காதீர்கள். ஒருவர் நடந்தாலே பாலம் அதிரும், எவ்வளவு விலை கொடுத்த காலும் அதோடு சேர்ந்துதான் அதிரும். பாறையில் வையுங்கள். முதலில் தடித்த மேல் குழாய்களை நீட்டுங்கள், மெல்லிய அடிக்குழாய் கடைசி. ஒரு கால் அருவியைப் பார்த்தபடி முன்னால் போகட்டும். பையை நடுத்தண்டின் கொக்கியில் மாட்டினால் அது காற்றில் ஊசலாடக் கூடாது, அடிப்பாகம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். லென்ஸில் கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். லைவ் வியூ போட்டுக்கொண்டால் கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி ஏற்கெனவே தூக்கியிருக்கும், படம் எடுக்கும்போது அது எழும்பி அடிக்கிற அதிர்வு இருக்காது. இரண்டு வினாடி டைமர் வைத்து ஷட்டரை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். விடிகாலை வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 100, எஃப் 11, கால் வினாடியில் தொடங்கினால் தண்ணீர் இழையிழையாக வரும். சாரல் லென்ஸில் படிந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் துடைக்கப் பருத்தித் துணி கையில் வேண்டும். தண்ணீர் வரத்து கூடி, மாவட்ட நிர்வாகம் பரிசலையும் குளிப்பதையும் நிறுத்தியிருக்கிற நாளில் பாறை ஓரம் போகவே வேண்டாம் தம்பி. ஈரப்பாறையில் ஸ்டாண்டைக் கைத்தடியாக ஊன்றி நடக்கவும் வேண்டாம். பூட்டு நழுவினால் ஆளும் சேர்ந்து விழ வேண்டியதுதான்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை நான். எங்கள் பக்கத்து ஊர்களில் உள்ள நடுகற்களை மாணவர்களோடு சேர்ந்து படம் எடுத்து வருகிறோம். எவ்வளவு முயன்றாலும் எழுத்து தெளிவாக வருவதில்லை. ஸ்டாண்ட் வாங்கினால் சரியாகுமா? பள்ளியில் ஒரு மிரர்லெஸ் கேமரா இருக்கிறது.
— ஆசிரியை, அரூர்

பதில்: டீச்சர், நீங்கள் செய்கிற வேலை எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். ஸ்டாண்ட் பாதி வேலையைத்தான் செய்யும். மீதி வெளிச்சம்.

வட்டெழுத்தோ தமிழ் எழுத்தோ, காலத்தில் தேய்ந்துபோன கீறல் அது. உச்சி வெயில் நேராக அடித்தால் பள்ளத்துக்கும் மேட்டுக்கும் ஒரே வெளிச்சம், எழுத்து காணாமல் போகும். வெளிச்சம் பக்கத்திலிருந்து கல்லை உரசிக்கொண்டு வர வேண்டும். மாலை மங்கும் நேரம் போங்கள். கேமராவைக் கல்லின் நடு உயரத்தில், கல் பரப்புக்கு இணையாக வையுங்கள். கல் சாய்ந்திருந்தால் கேமராவும் அதே அளவு சாய வேண்டும். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, இரண்டு முதல் நாலு வினாடி. ஒரு மாணவர் டார்ச்சைக் கல்லின் இடது விளிம்புக்கு வெளியே, ஏறக்குறைய கல் தளத்தோடு ஒட்டிப் பிடிக்கட்டும். அடுத்த படத்துக்கு மேலிருந்து, அடுத்து வலப்பக்கத்திலிருந்து. கேமரா மட்டும் இம்மியும் நகரக் கூடாது. ஒரு படத்தில் மறைந்த கோடு இன்னொரு படத்தில் எழும். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிட்டுப் படிக்கத்தான் ஸ்டாண்ட்.

இந்த வேலைக்கு பால் ஹெட் வேண்டாம். அதில் ஒரு பக்கம் நேராக்கினால் மறுபக்கம் சாய்ந்துகொள்ளும். மூன்று கைப்பிடி உள்ள பேன்-டில்ட் ஹெட் வாங்குங்கள், ஒவ்வொரு திசையையும் தனித்தனியாக நகர்த்திப் பூட்டலாம். கனமாகத்தான் இருக்கும். நாலு பிள்ளைகள் கூட வருகிறார்களே.

எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் கல்லில் பூசவிடாதீர்கள். பூசியது கீறலுக்குள் தங்கிவிடும், அடுத்து படிக்க வருபவர் உங்கள் கோட்டைத்தான் படிப்பார். பல கற்கள் ஊர்க்காரர்கள் இன்றும் கும்பிடுகிற சாமி. கேட்டுவிட்டு ஸ்டாண்டை வையுங்கள். ராயக்கோட்டைக் கோட்டை மாதிரி இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களில் ஸ்டாண்ட் வைக்க முன்அனுமதி வாங்க வேண்டும். தருமபுரி அருங்காட்சியகத்திலும் நல்ல நடுகற்கள் இருக்கின்றன. அங்கேயும் பள்ளிக் கடிதத்தோடு போய் அனுமதி கேளுங்கள்.

கேள்வி: 150-600 லென்ஸ் வாங்கிவிட்டேன். கெலவரப்பள்ளி அணைப்பக்கம் பறவை எடுக்க, குறைந்த விலையில் எந்த ஸ்டாண்ட்?
— வாசகர், ஓசூர்

பதில்: லென்ஸ் மட்டும் ஏறக்குறைய இரண்டு கிலோ. குறைந்த விலை ஸ்டாண்ட் வேண்டாம், அந்தப் பணத்தில் தடித்த மோனோபாட் (ஒற்றைக்கால் ஸ்டாண்ட்) ஒன்று வாங்குங்கள். லென்ஸைச் சுற்றியிருக்கும் காலர் வளையத்தின் அடிக்காலில் மாட்டுங்கள், கேமரா அடியில் மாட்டினால் லென்ஸ் சேரும் மவுன்டுக்குக் கேடு. ஷட்டர் வேகம் 1/1000க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் சேர்ந்த பிறகு 32 மி.மீ. காலும், கனமான லென்ஸைச் சமநிலையில் தாங்கித் திருப்பும் கிம்பல் ஹெட்டும் ஒன்றாக வாங்கலாம். கிம்பலை மெல்லிய காலில் ஏற்றுவதில் பிரயோஜனமில்லை.

கேள்வி: என் பழைய ஸ்டாண்டில் ஒரு கால் தானாக இறங்குகிறது. மாற்றிவிடலாமா?
— ஸ்டுடியோக்காரர், காவேரிப்பட்டணம்

பதில்: அவசரப்படாதீர்கள் அண்ணா. ஃபிளிப் லாக் என்றால் நெம்புகோலுக்குப் பக்கத்தில் ஒரு திருகு இருக்கும். அதை அரைச் சுற்று இறுக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். சிலவற்றுக்கு ஆலன் கீ வேண்டும், சைக்கிள் கடையிலேயே கிடைக்கும். முறுக்கிப் பூட்டும் ட்விஸ்ட் லாக் என்றால் உள்ளே மணல் போயிருக்கும். தென்பெண்ணை மணலில் நிறுத்தி எடுத்தீர்களா? குழாயைக் கழற்றி வெளியே உருவுங்கள். நுனியில் இரண்டு பிளாஸ்டிக் பட்டைகள் இருக்கும், தொலைத்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து, பட்டையை அதே பள்ளத்தில் உட்காரவைத்து மாட்டுங்கள். தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில் எதுவும் குழாயில் படக் கூடாது. அந்தப் பட்டை உராய்வில்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது, எண்ணெய் பட்டால் கால் இன்னும் வேகமாக இறங்கும். மரைக்கு மட்டும் துளி கிரீஸ். பட்டை தேய்ந்திருந்தால் அதை மட்டும் தனியாக வாங்க முடிகிறதா என்று கம்பெனியிடம் கேளுங்கள்.