நிப்பை மாற்றுமுன் பேனாவைக் கழுவுங்கள்

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற மைப்பேனாவை ஆபீசில் பயன்படுத்துகிறேன். காலையில் முதல் வரி விழுவதில்லை. எழுத எழுதக் கோடு வெளுத்து, தாளில் கரகரக்கிறது. மை தீரப்போகும் நேரத்திலோ பொட்டென்று சொட்டுகிறது. நிப் போய்விட்டது, 80 வெள்ளி ஆகும் என்கிறார் ஒருவர். மாற்றலாமா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பணத்தைப் பையிலேயே வையுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நிப்பில் கோளாறு இல்லை, அடைப்புதான்.

வேட்டி நுனி தண்ணீரில் பட்டால் ஈரம் தானாக மேலே ஏறுமே, அதே இழுப்புதான் நிப்பின் பிளவுக்கும், அடியிலிருக்கும் கறுப்புக் கட்டையின் மெல்லிய பள்ளத்துக்கும் மையைக் கொண்டுவருகிறது. ஆனால் மை இறங்கினால் காற்று ஏற வேண்டும். காப்பிக்கடையில் பால் டின்னுக்கு ஏன் இரண்டு ஓட்டை போடுகிறார்கள்? 1884-இல் நியூயார்க்கில் பேனா தயாரிப்பாளர் வாட்டர்மேன் காப்புரிமை வாங்கிய கட்டையும் இந்தக் காற்றுச் சிக்கலைத் தீர்க்கத்தான். உங்கள் பேனாவில் காய்ந்த சாயம் அந்தப் பள்ளங்களை அடைத்திருக்கிறது.

கரகரப்பும் அதனால்தான். நிப் நுனிக்கும் தாளுக்கும் நடுவே மைதான் எண்ணெய்போல் வழுக்குகிறது. மை குறைந்தால் உலோகம் தாளை உரசும். இது புரியாமல், அல்லது நன்றாகப் புரிந்தே, "நிப் தேய்த்துத் தருகிறேன்" என்று உப்புத்தாளை எடுப்பவர்கள் இணையத்தில் நிறைய. தேய்த்த நுனி திரும்பி வராது. கழுவிக்கூடப் பார்க்காமல் விலை சொல்பவரிடம் பேனாவைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

சொட்டுவதற்குக் காரணம் உங்கள் கை. ஏர்கான் குளிரில் கிடந்த பேனாவைப் பிடித்ததும் உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிந்து மையைத் தள்ளுகிறது. மை குறையக் குறையக் காற்று அதிகம். பாதி தீர்ந்ததும் நிரப்பிவிடுங்கள்.

கழுவச் சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும், சுடுதண்ணீர் கூடாது. மை நிரப்புவதுபோல் பேனாவில் உறிஞ்சி, வெளியேற்றி, தண்ணீர் தெளியும்வரை செய்யுங்கள். பிறகு நுனியை டிஷ்யூவில் வைத்து ஓரிரவு விடுங்கள்.

ஒன்று மட்டும் விசாரியுங்கள்: அப்பா வரைபடம் வரைபவரா? இந்தியன் இங்க் ஊற்றியிருந்தால் கதையே வேறு. அதில் அரக்கு கலந்திருக்கும், காய்ந்தால் தண்ணீருக்குக் கரையாது. நிப்பின் அடியில் பளபளவென்று கறுப்புப் பொருக்கு தெரிந்தால் அதுதான். ஸ்பிரிட் ஊற்றிவிடாதீர்கள், சில பேனாக்களின் உடலே இளகிவிடும். அப்போது மட்டும் பழுது பார்ப்பவரிடம் போங்கள். கட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், மாற்றச் சொல்லாதீர்கள்.

பேனா கம்பெனி ஏஜெண்டிடம் கொடுக்கலாமே என்பீர்கள். நானும் கொடுத்தேன். ரசீது எங்கே என்றார்கள், நிப்புக்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள், வெளிநாட்டுக்கு அனுப்பி மூன்று மாதம் காக்கவைத்தார்கள். திரும்பி வந்த பேனாவில் என் பழைய மை அப்படியே காய்ந்திருந்தது.