ஆக்சிஜன் குறைந்தால் செல்களுக்கு எப்படித் தெரியும்? உடனே செத்துவிடுமா?

உடனே எல்லாம் சாகாது. நீங்கள் தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன். "ஆக்சிஜன் குறைந்தால் ஹிஃப் புரதம் உருவாகும்" என்று யாரோ நோட்ஸில் ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அந்த வரியோடு எனக்குப் பழைய பகை.

ஹிஃப் என்பது ஆக்சிஜன் குறைவைச் சமாளிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும் புரதம். அதன் ஒரு பாதியான ஹிஃப்-1 ஆல்ஃபாவைச் செல் எப்போதுமே தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறது. தயாரித்த கையோடு அழித்தும் விடுகிறது. புரோலைல் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதிகள் ஆக்சிஜனைப் பயன்படுத்தி அதன்மேல் ஒரு குறி வைக்கும். குறியைப் பார்த்து விஎச்எல் புரதம் வந்து ஒட்டும், 'இதை அழிக்கலாம்' என்று காட்டும் யுபிக்விடின் என்ற சின்னப் புரதம் ஏறும், செல்லின் குப்பை அரைக்கும் இயந்திரமான புரோட்டியசோம் அரைத்துத் தள்ளிவிடும். ஆக்சிஜன் குறைந்தால் குறி விழாது. பிழைத்த புரதம் உட்கருவுக்குள் போய், ஜோடியான ஹிஃப்-1 பீட்டாவோடு சேர்ந்து மரபணுக்களை முடுக்கிவிடும். வீண் செலவு மாதிரி தெரியும். ஆனால் ஆபத்து நேரத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை பாருங்கள்.

ஆய்வு மாணவனாக இருந்தபோது, 1 சதவீத ஆக்சிஜன் பெட்டியில் இரவு முழுக்கச் செல்களை வைத்துக் காலையில் வெஸ்டர்ன் பிளாட் போடுவேன், அதாவது ஆன்டிபாடியால் அந்தப் புரதத்தைப் பிடித்து ஃபிலிமில் பட்டையாகக் காட்டும் சோதனை. பட்டையே வராது. "பெட்டி கசியுது, இல்லேன்னா உன் கை சரியில்ல" என்பார் வழிகாட்டி. எனக்குச் சந்தேகம் வேறு. தட்டை வெளியே எடுத்து, செல்கள் வளரும் மீடியத்தை உறிஞ்சி, பஃபர் கரைசலால் நிதானமாக இரண்டு தடவை கழுவச் சொல்வது அவருடைய நெறிமுறை. சாதாரணக் காற்றில் ஹிஃப்-1 ஆல்ஃபாவின் அரை ஆயுளே, அதாவது பாதி அழிய ஆகும் நேரமே, சுமார் 5 நிமிடம்! கழுவி முடிப்பதற்குள் ஆள் காலி. சொன்னால் கேட்கவில்லை. அப்புறம் ஒரு நாள் அவர் இல்லாதபோது, கழுவாமல், தட்டை எடுத்ததும் ஐஸ்மேல் வைத்து, செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரை ஊற்றினேன். ஹிஃப்-1 ஆல்ஃபா வரவேண்டிய 120 கிலோடால்டன் எடைக்குப் பக்கத்தில் கன்னங்கரேல் என்று தடித்த பட்டை. ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர் கேட்டது: "ஆன்டிபாடி புதுசா?"

அந்தப் படம் பிறகு ஒரு கட்டுரையில் முதல் படமாக வந்தது. என் பெயர் கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில், அதுவும் எழுத்துப்பிழையோடு. பிளாட் போடுகிறவனை எழுத்தாளர் பட்டியலில் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? சரி, அதை விடுங்கள்.

முடுக்கப்படும் மரபணுக்களில் சில: புதிய ரத்தக் குழாய் வளரச் செய்யும் விஇஜிஎஃப், சிறுநீரகம் சுரந்து சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபாய்ட்டின், ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைக்கும் நொதிகள். இதையெல்லாம் கண்டறிந்த செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

மருத்துவர்கள் யாராவது சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன்: எல்லாமே ஹிஃப்தான் என்று நான் சொல்லவில்லை. ஆக்சிஜன் குறைந்த சில விநாடிகளில் மூச்சைக் கூட்டுவது கழுத்திலுள்ள கரோட்டிட் உறுப்பின் வேலை, அது தனி வழி. அதேபோல, இந்த ஏற்பாடெல்லாம் ஆக்சிஜன் குறையும்போதுதான். அடியோடு நின்றால் மூளைச் செல்கள் சில நிமிடங்களிலேயே சேதமாகத் தொடங்கும், ஹிஃப் வேலையை ஆரம்பிக்கக்கூட நேரம் இருக்காது.