அளவு ஜாக்கெட்டும் ஆராய்ச்சிப் படிப்பும்

அண்ணாச்சி, வணக்கம்.

போன வாரம் வீரவநல்லூரிலிருந்து பஸ் பிடித்து பாளையங்கோட்டை வரைக்கும் வந்தீர்கள். "எம்.பி.ஏ. முடிச்ச பிள்ளை, ஆன்லைன்ல சட்டைக்குக் கலர் மாத்துறதைப் பத்தி ஆராய்ச்சி பண்ணப் போறேன்னு நிக்கா. அதுல என்ன இருக்கு? முடிக்கும்போது வயசு என்ன ஆகும்?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு அவசரத்தில் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதல் கேள்விக்குப் பதில் உங்கள் தையல் கடையிலேயே இருக்கிறது. ஜாக்கெட் தைக்க வரும் அம்மாவிடம் நீங்கள் முப்பது கேள்வி கேட்பதில்லை. அளவு ஜாக்கெட்டை வாங்கி மேசையில் விரித்து, டேப்பை ஒரு தடவை ஓட்டிவிட்டு, "இதே அளவுதானா, கழுத்து மட்டும் இறக்கணுமா?" என்று கேட்கிறீர்கள். துணி மெல்லிசு என்றால் லைனிங் வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். எதைக் கேட்க வேண்டும், எதைக் கண்ணாலேயே தெரிந்துகொள்ளலாம் என்பது இத்தனை வருஷத் தொழிலில் உங்களுக்குப் படிந்த அறிவு. இணையக் கடைக்கு அந்தக் கண் இல்லை. துணி, நிறம், கை, காலர் என்று எல்லாவற்றையும் மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. வந்தவர் குழம்பிப்போய் வாங்காமலே கிளம்பிவிடுகிறார். அந்தக் கண்ணைக் கணினிக்கு எப்படிக் கொடுப்பது என்பதுதான் உங்கள் மகள் பிடித்திருக்கும் கேள்வி.

இது நேற்று முளைத்த துறையும் அல்ல. ஆலையில் மொத்தமாகச் செய்தாலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்து கொடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு 1987-இல் ஸ்டான் டேவிஸ் என்ற மேலாண்மை எழுத்தாளர் 'மாஸ் கஸ்டமைசேஷன்' என்று பெயர் வைத்தார். 1993-இல் ஜோசப் பைன் அதைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். 1999-இல் நைக்கி என்ற ஷூ கம்பெனி, ஷூவின் நிறத்தை வாங்குபவரே இணையத்தில் தேர்ந்தெடுக்க வழி செய்தது. 2000-இல் வெளிவந்த ஓர் ஆய்வை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு கடையில் ஒரு சமயம் 24 வகை ஜாமும் இன்னொரு சமயம் 6 வகை ஜாமும் ருசி பார்க்க வைத்தார்கள். 24 வகை வைத்தபோது நின்று பார்த்தவர்கள் அதிகம். ஆனால் நின்றவர்களில் வாங்கியவர்கள் 100-க்கு 3 பேர்தான். 6 வகை வைத்தபோது 30 பேர். பின்னால் வந்த ஆய்வுகள் பலவற்றில் இதே முடிவு கிடைக்கவில்லை. ஆக, மனிதர் எப்போது குழம்புகிறார், எப்போது குழம்புவதில்லை என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. புதிதாக வரும் ஆராய்ச்சி மாணவிக்கு இப்படிப்பட்ட இடம்தான் வேண்டும்.

இன்னொன்று. வெறும் பக்கத்தைக் காட்டாமல், முதலில் ஒரு மாதிரியைக் கொடுத்து 'இதில் எதை மாற்ற வேண்டும்' என்று கேட்டால் வாங்குபவருக்குச் சுலபம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதுதானே உங்கள் அளவு ஜாக்கெட்! பத்தமடையில் மாப்பிள்ளை பெண் பேரைப் பாயிலேயே நெய்து தருகிறார்களே, அப்படிப்பட்ட பாய்க்குக் கூடுதல் விலை கொடுக்க மனசு ஏன் இணங்குகிறது என்பதும் இந்தத் துறைக்குள்தான் வரும்.

சரி, இரண்டாவது கேள்வி. யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. கால நீட்டிப்பு தனி. தலைப்பைவிட எனக்குப் பெரிய கவலை பணம்தான். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கு நடக்கும் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை எடுத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதற்கப்புறம் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. அது இல்லாமல் சேர்ந்தால், மாதாமாதம் உங்கள் தையல் மெஷின்தான் அவளுக்கு ஃபெலோஷிப். அது வேண்டாம் அண்ணாச்சி. நெட் வழக்கமாக ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கிறது. மேலாண்மைப் பாடத்தில் இரண்டு முறை முழுமூச்சாக எழுதட்டும், அதற்கு ஒரு வருஷம் கொடுங்கள். ஜேஆர்எஃப் கிடைக்காமல் நெட் மட்டும் தேறினாலும் உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதி வந்துவிடும். இரண்டும் இல்லையென்றால் இணைய வணிக நிறுவனம் ஒன்றில் டேட்டா வேலைக்குப் போகட்டும். அங்கே இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தால் அவளுடைய ஆராய்ச்சிக் கேள்வி இன்னும் கூர்மையாகும்.

சேரும் இடத்தைப் பற்றி. அபிஷேகப்பட்டியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது, வீட்டிலிருந்தே போய் வரலாம். திருச்சியில் ஐஐஎம், சென்னையில் ஐஐடி. பேரைப் பார்க்காதீர்கள், ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியரைப் பாருங்கள். அவர் கடைசி ஐந்து வருஷத்தில் என்ன எழுதினார், அவரிடம் சேர்ந்தவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள் என்பதை அங்கே படிக்கும் மாணவர்களிடமே அவள் விசாரிக்க வேண்டும். இருநூறு பேருக்கு வாட்ஸ்அப்பில் கூகுள் ஃபார்ம் அனுப்பி, வந்த பதிலைச் சதவீதம் போட்டு முடிக்கும் ஆய்வு அவளை எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காது. புள்ளியியலும், பைத்தான் என்ற கணினி நிரல் மொழியும் இப்போதே தொடங்கட்டும். கல்லூரி வேலை கிடைக்காவிட்டாலும் அந்த இரண்டுக்கும் வெளியே மதிப்பு உண்டு. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் ஆராய்ச்சிக் கட்டுரையை இதழில் போடுகிறோம் என்று மெயில் வரும். அதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க விடாதீர்கள். அப்படிக் கட்டி ஏமாந்து, கட்டுரை செல்லாது என்று துறையில் சொன்னபின் என் முன்னால் உட்கார்ந்து அழுத பையனை என்னால் மறக்க முடியவில்லை.

கல்யாணத்தைப் பற்றி நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் எனக்குப் புரிந்தது. அதை என் வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள். ராத்திரி கடை அடைத்தபின் அவளிடம் நேராகப் பேசுங்கள். அவள் என்ன நினைக்கிறாள் என்று முதலில் கேளுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள். அவளுடைய மார்க் ஷீட்டோடு உங்கள் பழைய அளவு நோட்டையும் எடுத்து வாருங்கள். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் நீங்கள் எதைக் குறித்தீர்கள், எதைக் குறிக்காமல் விட்டீர்கள் என்று அவள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.