தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் ஐஸ் மெஷின் தண்ணீர் கேட்கிறதா? கேஸ் நிரப்பும் முன் இதைப் பாருங்கள்

யாங்கூன் தாம்வேயில் சின்னதாகக் குளிர்பானக் கடை நடத்தும் தங்கச்சி ஒருவர் எழுதியிருக்கிறார்: "அண்ணே, போன வருஷம் மேசையில் வைக்கிற ஐஸ் மெஷின் ஒன்று வாங்கினேன். குளிர் மாசத்தில் நன்றாக ஓடியது. பங்குனி வெயில் ஏறியதிலிருந்து ஐஸ் மெலிசாக, கையில் எடுத்தால் நொறுங்குகிற மாதிரி விழுகிறது. தொட்டியில் தண்ணீர் இருக்கும்போதே தண்ணீர் ஊற்றச் சொல்லி விளக்கு எரிகிறது. கரண்ட் போய் வந்தால் சில நேரம் டிக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு கேஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும் என்கிறார். நிரப்பலாமா?"

இப்போதைக்கு நிரப்பாதீர்கள் தங்கச்சி. நீங்கள் சொன்ன மூன்று கோளாறும் மூன்று வேறு காரணத்தால் வரக்கூடியவை, மூன்றுமே மெஷினுக்கு வெளியே இருந்தே வரலாம். கரண்ட், வெயில், தண்ணீர். நம் ஊரில் இந்தச் சின்ன மெஷின்களைப் படுத்துவது பெரும்பாலும் இவைதான். கேஸ் என்பது, அதாவது மெஷினைக் குளிரவைக்கும் வாயு, பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. எங்காவது ஓட்டை விழுந்தால்தான் குறையும். ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் நிரப்பினால் காசுதான் போகும், கொஞ்ச நாளில் பழைய கதைதான்.

மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் கோளாறை நீங்களே பிடித்துவிடலாம், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். மூடியைத் திறந்தால் மேலிருந்து விரல் மாதிரி தொங்கும் உலோகக் குச்சிகள் தெரியும், பெரும்பாலும் ஒன்பது இருக்கும். அடியில் உள்ள தொட்டியிலிருந்து ஒரு சின்ன பம்பு தண்ணீரை ஏற்றி அந்த விரல்கள் முங்கும்படி ஒரு தட்டில் நிறைக்கும். விரல்களுக்குள் குளிர்ந்த கேஸ் ஓடும், ஆறிலிருந்து பத்து நிமிஷத்தில் ஒவ்வொரு விரலைச் சுற்றியும் தொப்பி மாதிரி ஐஸ் பிடிக்கும். அப்புறம் தட்டு சாய்ந்து மீதித் தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிடும். அதே நேரம் உள்ளே ஒரு வால்வு திறந்து அதே விரல்களுக்குள் சூடான கேஸை விடும், பிடி தளர்ந்து ஐஸ் விழும். ஒரு கரண்டி அதைக் கூடைக்குள் தள்ளிவிடும். கூடைக்குக் குளிரூட்டல் கிடையாது. அதில் உருகும் ஐஸ் கீழே தொட்டிக்கே போய் மறுபடி ஐஸாகும். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள், தண்ணீரைப் பற்றிப் பேசும்போது வேண்டும்.

முதலில் அந்த டிக் சத்தம். என்னிடம் வரும் மெஷின்களில் அதிகம் சாவது இதனால்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேஸை அழுத்திச் சுற்றவிடும் மோட்டார்தான் கம்ப்ரசர். அது ஓடும்போது குழாயின் ஒரு பக்கம் அழுத்தம் ஏறியிருக்கும், மறுபக்கம் இறங்கியிருக்கும். கரண்ட் போனால் இரண்டும் சமமாக மூன்றிலிருந்து ஐந்து நிமிஷமாவது ஆகும். அதற்குள் கரண்ட் திரும்பி வந்தால் கம்ப்ரசர் அந்த அழுத்தத்தை எதிர்த்துக் கிளம்ப முடியாமல் உறுமும், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்டை இழுக்கும், சூடாகும். அதன் மேல் ஒட்டியிருக்கும் சின்னப் பாதுகாப்பு ஸ்விட்ச் "போதும்" என்று வெட்டிவிடும். நீங்கள் கேட்பது அந்தச் சத்தம்தான். ஆறியதும் மறுபடி முயற்சி செய்யும், மறுபடி வெட்டும். ஒன்றிரண்டு தடவை என்றால் பரவாயில்லை, தினமும் நாலைந்து தடவை நடந்தால் உள்ளே சுற்றியிருக்கும் கம்பி கருகிப்போகும். அதற்குப் பிறகு கம்ப்ரசர் மாற்றுகிற செலவுக்குப் புது மெஷினே வாங்கிவிடலாம்.

தெருவே "மீ லாபீ!" (கரண்ட் வந்துவிட்டது) என்று கூச்சல் போடும் அந்த நிமிஷத்தில் எல்லா வீட்டு மோட்டாரும் ஏசியும் ஒரே நேரத்தில் கிளம்பும், வோல்டேஜ் தள்ளாடும். உங்கள் மெஷின் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம். கரண்ட் போன உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வந்த பிறகு ஐந்து நிமிஷம், முடிந்தால் பத்து நிமிஷம், பொறுத்துச் செருகுங்கள். கடையில் கூட்டமாக இருந்தால் மறந்துபோகும், அதற்குத் தாமதமாக இணைக்கும் வசதியுள்ள ஸ்டெபிலைசர் வாங்குவது நல்லது. மெஷின் ஓடும்போது 100 முதல் 150 வாட்தானே என்று சின்ன ஸ்டெபிலைசராக வாங்காதீர்கள், கிளம்பும்போது இழுக்கும் கரண்டைத் தாங்க 1000 விஏ (VA) என்று போட்ட அளவாவது வேண்டும். கடையில் செருகிப் பார்க்கிற சின்ன வோல்ட் மீட்டர் ஒன்றும் வாங்கி வையுங்கள். நம் கரண்ட் 230 வோல்ட் இருக்க வேண்டும், சாயங்காலம் அது 190க்குக் கீழே இறங்கினால் அந்த நேரத்துக்கு மெஷினை நிறுத்தி வைப்பதுதான் புத்திசாலித்தனம். பேட்டரி இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் அது சுத்த சைன் அலை கொடுக்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள், மலிவான வகையில் கம்ப்ரசர் வழக்கத்தைவிடச் சூடாகும். ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான் என்றால் பின்பக்கம் ஒட்டியிருக்கும் தாளை முதலில் படியுங்கள், அந்த ஊர்க் கரண்ட் 100 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் கரண்டில் செருகினால் அன்றோடு முடிந்தது.

பாதி ஐஸ் பிடித்திருக்கும்போது கரண்ட் போனால் தட்டு நடுவிலேயே நின்றுவிடும். அதைக் கையால் தள்ளவே கூடாது, பின்னால் இருப்பது பிளாஸ்டிக் பல்சக்கரம், முறிந்துவிடும். மூடியைத் திறந்து ஐஸ் தானாக உருகி விழ விட்டுவிட்டு அப்புறம் கிளப்புங்கள்.

அடுத்தது மெலிசான ஐஸ். குளிர் மாசத்தில் நன்றாக ஓடி வெயில் ஏறியதும் மெலிந்தது என்று நீங்களே காரணத்தைச் சொல்லிவிட்டீர்கள். மெஷின் தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை எங்கே கொட்டும்? உங்கள் கடைக் காற்றில்தான். அந்தக் காற்றே 38 டிகிரி இருந்தால் கொட்ட இடமில்லை. பின்பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் என் (N), எஸ்டி (ST), டி (T) என்று ஏதாவது ஆங்கில எழுத்து இருக்கிறதா பாருங்கள். என் என்றால் 32 டிகிரி வரை, எஸ்டி என்றால் 38, டி என்றால் 43 வரைக்கும் செய்தது. என் என்று போட்ட மெஷினைத் தகரக் கூரைக் கடையில் சித்திரை வெயிலில் ஓட்டிவிட்டு, ஐஸ் மெலிசு என்று அதைக் குறை சொல்வது நியாயமில்லை. அடுத்த முறை வாங்கும்போது அந்த எழுத்தைப் பார்த்து வாங்குங்கள், விளம்பரத்தில் போட்டிருக்கும் கிலோக் கணக்கைவிட அது முக்கியம்.

இப்போது இருக்கும் மெஷினுக்குச் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. காற்று போகும் ஓட்டைகளைச் சுற்றி ஒரு சாண் இடம் விடுங்கள். அடுப்புப் பக்கமோ, பிரிட்ஜின் சூடான பக்கமோ, வெயில் விழும் இடமோ வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டைகளில் படிந்த தூசியைச் சின்ன பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், யாங்கூன் கோடைப் புழுதிக்கு மாசம் ஒரு தடவை செய்ய வேண்டும். ஓடும்போது அங்கே கை வைத்தால் சூடான காற்று வர வேண்டும். காற்றே வரவில்லை என்றால் விசிறி நின்றுபோயிருக்கிறது, அது சின்னச் செலவுதான். தொட்டியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள். கூரைத் தொட்டியிலிருந்து வரும் வெந்நீரை ஊற்றினால் அதைக் குளிர்விக்கவே நேரம் போய்விடும். முதல் இரண்டு சுற்று எந்த மெஷினிலும் சின்னதாகத்தான் விழும், அதை வைத்து எதையும் முடிவு பண்ணாதீர்கள்.

சரி, தண்ணீர் இருந்தும் தண்ணீர் கேட்கும் விளக்கு. பம்புக்குப் போகும் வாயில் ஒரு சின்ன வலை இருக்கும், அதில் துரு, அழுக்கு, பாசி அடைத்திருக்கும். கழற்ற முடிந்தால் கழற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். வலை சுத்தமாக இருந்தும் எரிந்தால் குழாயில் காற்று அடைத்திருக்கலாம், தொட்டி ஒரு தடவை காய்ந்துபோனால் இது வரும். முழுத் தண்ணீரையும் வடித்துவிட்டு மறுபடி நிறைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் அந்த வாய்க்குள் தண்ணீரைப் பீய்ச்சினால் காற்று வெளியேறிவிடும். இன்னொன்று, இதைப் பலர் நம்ப மாட்டார்கள்: சில மாடல்களில் தட்டில் தண்ணீர் வந்துவிட்டதா என்பதை இரண்டு உலோக முனைகள் வழியாக மின்சாரம் பாய்கிறதா என்று பார்த்துத்தான் மெஷின் தெரிந்துகொள்கிறது. உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. பெரிய பாட்டிலில் வாங்கும் சுத்திகரித்த தண்ணீரை மட்டும் ஊற்றுபவர்களுக்கு இந்தக் கோளாறு வரலாம். ஒரு தடவை கொதிக்க வைத்து ஆறின குழாய்த் தண்ணீரை ஒரு கப் கலந்து பாருங்கள், விளக்கு அணைந்தால் காரணம் அதுதான்.

அதற்காகக் குழாய்க் கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றிவிடாதீர்கள். வாளியில் பிடித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் மஞ்சளாக மாறும் தண்ணீரில் இரும்பு இருக்கிறது, ஐஸும் மஞ்சளாகும், ருசியும் கெடும், வலையும் அடைக்கும். அதைவிடப் பெரிய விஷயம், ஐஸ் ஆனால் கிருமி செத்துவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சாகாது. உறைந்து கிடந்துவிட்டு, எலுமிச்சை ஜூஸில் உருகியதும் மறுபடி எழும். பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் தங்கச்சி, நீங்கள் நேரடியாகக் குடிக்கத் துணியாத தண்ணீரை மெஷினில் ஊற்றாதீர்கள்.

தட்டில் மீதியாகும் தண்ணீரும் உருகிய ஐஸும் தொட்டிக்கே திரும்புகின்றன என்று சொன்னேன் அல்லவா. தண்ணீர் உறையும்போது அதிலுள்ள உப்பு பெரும்பாலும் உறையாமல் மீதித் தண்ணீரிலேயே தங்கிவிடும். அதனால் காலையில் ஊற்றியதன் மேலேயே ஊற்றிக்கொண்டு போனால் சாயங்காலம் தொட்டியில் இருப்பது காலையில் ஊற்றியதைவிட அடர்த்தியான உப்புத் தண்ணீர், விரல்களில் வெள்ளையாகப் படிவது அதுதான். படிவு கட்டிய விரலிலிருந்து ஐஸ் எளிதில் கழன்று விழாது. தினமும் கடை மூடும்போது அடியிலிருக்கும் மூடியைக் கழற்றி முழுவதும் வடித்துவிடுங்கள், மேல் மூடியைத் திறந்தே வையுங்கள், மழைக் காலத்தில் இதைச் செய்யாவிட்டால் இரண்டே நாளில் பாசி நாற்றம் வந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கரைத்து ஓட்டி, அந்த ஐஸைக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று சுற்று ஓட்டிக் கழுவுங்கள். பிளீச்சை இதனோடு சேர்க்கவே கூடாது, விஷ வாயு வரும். கத்தியால் படிவைச் சுரண்டாதீர்கள். ஒரு கடைக்காரர் அப்படிச் சுரண்டி விரலில் பொத்தல் போட்டுக்கொண்டு என்னிடம் கொண்டுவந்தார், நல்ல மெஷின் அது, காப்பாற்ற முடியவில்லை.

கூடை காலியாக இருந்தும் நிறைந்துவிட்டது என்று விளக்கு எரிந்தால், கூடைக்குப் பக்கத்திலுள்ள சென்சார் கண்ணைத் துடையுங்கள், ஜன்னல் வெயில் நேராக அதில் படாமல் திருப்பி வையுங்கள். ஐஸ் ஒன்றோடொன்று ஒட்டுவது கோளாறே இல்லை, ஈரத்தோடு ஃபிரீசரில் மொத்தமாகக் கொட்டினால் ஒட்டத்தான் செய்யும். தட்டில் பரப்பி இறுகவிட்டு அப்புறம் பையில் போடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். 24 மணி நேரத்துக்கு 12 கிலோ என்று எழுதியிருந்தால் மணிக்கு அரைக் கிலோ என்றுதான் அர்த்தம், அதுவும் குளிர்ந்த அறையில். கரண்ட் எட்டு மணி நேரம் இருந்தால் 4 கிலோ, சித்திரை வெயிலில் அதுவும் வராது. கிளாஸுக்கு 100 கிராம் போட்டால் 40 கிளாஸ்கூடத் தேறாது. திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா நாளில் உங்கள் கடைக்கு அது எந்த மூலைக்கு? பாட்டிலைக் குளிர்விக்க ஐஸ் ஃபாக்டரிக் கட்டியை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், மெஷின் ஐஸைக் கிளாஸுக்குள் போட மட்டும் வையுங்கள். மெஷினும் பிழைக்கும், வியாபாரமும் நடக்கும்.

கடைசியாக மெக்கானிக் சொன்ன கேஸ். அவர் சொன்னது சரியா என்று நீங்களே பார்க்கலாம். இன்றைக்கு இரவு எல்லாத் தண்ணீரையும் வடித்து, வலையைக் கழுவி, தூசி தட்டி வையுங்கள். நாளை விடியற்காலையில், வெயில் ஏறும் முன்பு, வோல்டேஜ் சரியாக இருக்கும் நேரத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி ஓட்டுங்கள். மூன்றாவது சுற்றில் ஐஸ் விழும் முன் மூடி வழியாக அந்த ஒன்பது விரல்களையும் பாருங்கள். ஒன்பதிலும் ஒரே அளவு ஐஸ் நன்றாகப் பிடித்திருந்தால் கேஸ் சரியாக இருக்கிறது. சில விரல்களில் தடியாகவும் மீதியில் ஒன்றுமே இல்லாமலும் இருந்தால் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். கம்ப்ரசர் ஓடியும் எந்த விரலும் குளிரவே இல்லை என்றால் பெரும்பாலும் முழுவதும் போய்விட்டது. அப்படி இருந்தால் மெக்கானிக்கிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஓட்டை எங்கே, தாளில் என்ன கேஸ் போட்டிருக்கிறது. ஆர்600ஏ (R600a) என்று இருந்தால் அது தீப்பிடிக்கும் கேஸ், இந்த மெஷின்களில் சில பத்து கிராம் அளவில்தான் இருக்கும், தராசில் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும், ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். கையிலிருக்கும் வேறு கேஸைப் போட்டுவிடுகிறேன் என்று சொன்னாலோ, தராசு இல்லாமல் வந்தாலோ, மெஷினை அவரிடம் கொடுக்காதீர்கள்.