ஒரு நகரத்தின் அரசுப் பள்ளிகளைப் பற்றி மட்டுமே எழுதும் சின்ன இணையச் செய்தித் தளத்துக்குப் பணம் கொடுப்பது வீண்தானே? பெரிய நாளிதழ்கள் போதாதா?

நீங்கள் அமெரிக்காவில் ஏதோ ஒரு பெரிய நகரத்தில் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்த்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். வீண் இல்லை. நான் பார்த்தது சிகாகோவில்.

2013 மே மாதம் அந்நகரக் கல்வி வாரியம் ஒரே கூட்டத்தில் 50 பள்ளிகளை மூட முடிவெடுத்தது. பணம் இல்லை, பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்றார்கள். என் மகள் படித்த பள்ளி தப்பியது; ஆனால் புது பட்ஜெட்டில் ஓவிய ஆசிரியர் வேலை போயிற்று. சிகாகோவில் 1988 சட்டப்படி பள்ளிக்குப் பள்ளி ஒரு மன்றம் உண்டு. அதற்குக் குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஓட்டுப் போடலாம், போட்டியிடலாம். எச்1பி விசாவில் இருந்த எனக்கு அந்த ஊரில் ஓட்டு இருந்ததே அங்கேதான். மன்றக் கூட்டத்தில் எழுந்து ஓவிய ஆசிரியரைப் பற்றிக் கேட்டேன். மேலிடத்தில் பணமே இல்லை என்று பதில் வந்தது.

ஜூலையில், அந்நகரப் பள்ளிகளைப் பற்றியே எழுதிவந்த கேட்டலிஸ்ட் சிகாகோ என்ற சின்ன இதழில் சாரா கார்ப் எழுதிய செய்தியைப் படித்தேன். பள்ளிகளை மூடிய அடுத்த மாதமே, தலைமை ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர என்று சூப்ஸ் அகாடமி என்ற நிறுவனத்துக்கு 2.05 கோடி டாலர் ஒப்பந்தம். டெண்டர் கிடையாது. பள்ளிகளின் சி.இ.ஓ. பார்பரா பேர்ட்-பென்னட் முன்பு அதே நிறுவனத்துக்கு ஆலோசகராக வேலை பார்த்தவர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிறகு மத்திய அரசு விசாரணை வந்தது. கமிஷன் பேரம் அம்பலமானது. 2015இல் பார்பரா குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2017இல் நாலரை ஆண்டு சிறைத் தண்டனை.

பெரிய பத்திரிகைகள் தூங்கின என்று நான் சொல்லவே இல்லை. பள்ளி மூடலைப் பற்றி அவர்களும் நிறைய எழுதினார்கள். ஆனால் வாரியம் கைதூக்கி நிறைவேற்றும் ஒப்பந்தங்களை எடுத்து, இந்த நிறுவனம் யாருடையது, ஏன் டெண்டர் விடவில்லை என்று கேட்க, வருஷக்கணக்காகப் பள்ளிகளையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். இது விளம்பரம் என்று பின்னூட்டம் போட வருபவர்களுக்கு: 1990இல் தொடங்கிய கேட்டலிஸ்ட் இப்போது இல்லை. 2016இல் வேறொரு இதழோடு சேர்த்துவிட்டார்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் நம் தமிழ் நண்பர்கள் வீட்டு விருந்துகளில் பள்ளி மூடலைப் பற்றிப் பேச்செடுத்தால், புறநகர் ஒன்றின் பேரைச் சொல்லி, "இன்னும் சிட்டிலயா இருக்கீங்க? நேப்பர்வில் வந்துடுங்க, ஸ்கூல் ரேட்டிங் நல்லா இருக்கு" என்பார்கள். மூடிய பள்ளிகளில் படித்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள். அவர்கள் எங்கே போவார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அரசுப் பள்ளியில் படித்து, அந்தப் படிப்பால் விமானம் ஏறியவர்கள் இந்த நண்பர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது சிகாகோவில் சாக்பீட் என்ற பள்ளிச் செய்தித் தளம் இருக்கிறது. 2008இல் நியூயார்க்கில் கோதம்ஸ்கூல்ஸ் என்று ஆரம்பித்ததுதான். லாபநோக்கமற்றது, படிக்கக் காசு கேட்பதில்லை. பெரிய அறக்கட்டளைகளின் பணம் வாங்குகிறார்களே என்ற விமர்சனம் உண்டு, நியாயமான கேள்விதான். ஆனால் யார் கொடுக்கிறார்கள் என்பதை வெளியிடுகிறார்கள். உங்கள் ஊர்த் தளம் அந்தப் பட்டியலைப் போடுகிறதா, அதன் நிருபர் வாரியக் கூட்டங்களுக்குப் போகிறாரா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் கொடுங்கள். நான் மாதாமாதம் கொடுக்கிறேன்.